எட்டாத எட்டாவது பிளக்

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு கடமைதான்: சும்மா இருப்பது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட வேண்டும். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னால் சிரிக்க வேண்டும். அதற்கு மேல் தன் திறமையைக் காட்டப் புறப்பட்டவன் கெட்டான். நான் புறப்பட்டேன்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். "மெஷின் எல்லாம் இவன் பேச்சைக் கேட்கும்" என்று என் பெரியம்மா, பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தார். உண்மையில், தையல் மெஷின் நின்றுபோனால் அதைக் கவலையோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, சென்னையில் இருக்கும் சர்வீஸ்காரருக்குப் போன் போடுவதுதான் என் வேலை. (கவலையோடு சுற்றி வருவதை மட்டும் என்னைப் போல யாரும் செய்ய முடியாது.)

பெண்ணின் பெயர் உமா. அதே ஊரில் இன்னொரு கம்பெனியில் ஷூவுக்கு பேட்டர்ன் போடுகிறவள். நிச்சயமான பிறகு தினமும் போனில் பேசினோம். பேசினோம் என்றால், "சாப்டீங்களா?" என்று நான் கேட்பேன், "சாப்டேன், நீங்க?" என்று அவள் கேட்பாள். அதற்கு அப்புறம் எங்கே போவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அவளுடைய அப்பா கோதண்டம் மாமா ஒரு தோல் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். உமா சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவருடைய முதலாளி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு வாழப் புறப்பட்டு, தான் ஆசையாக வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பு நிறம், இரண்டே சீட், திறந்த மேல்பக்கம். ஆட்டுக்குட்டிக்குள் யானையின் நெஞ்சை வைத்துத் தைத்த மாதிரி, அந்தக் குட்டி வண்டிக்குள் எட்டு சிலிண்டர் இன்ஜினை யாரோ அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்தவர், பின்னால் ஒருத்தன் அதை ரிப்பேர் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு என்னை அந்தக் காரில் உட்காரவைத்து, தானே மண்டபம் வரை ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது மாமாவின் ஆசை. ஆனால் வண்டி கொஞ்ச நாளாக இருமிக்கொண்டிருந்தது. எட்டு ஸ்பார்க் பிளக்கையும் மாற்ற வேண்டும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் ஓரமாக இருக்கிற எட்டாவது பிளக்குக்குக் கை போகாது, இன்ஜினையே தூக்கியாக வேண்டும், கல்யாணத்துக்குள் முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், முகூர்த்தப் புடவையை ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்காக, நானும் பெரியம்மாவும் எங்கள் ஊரான நாட்றம்பள்ளியிலிருந்து பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா இந்தக் கதையைச் சொல்லி, வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். குரல் இறங்கிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து உமா காபியோடு வந்து கதவோரம் நின்றாள். அவள் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் நான் காபியைக் குடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்திருப்பேன்.

"பிளக்கு தானே மாமா. இன்னைக்கே மாத்திடலாம்," என்றேன்.

மாமாவின் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்த்ததும் இனிப் பின்வாங்க முடியாது என்று தெரிந்தது. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குள் போய், போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் சீட்டி அடித்துக்கொண்டே பிளக்கைக் கழற்றினார். அவர் கார் வேறு, இந்தக் கார் வேறு என்பது ஒரு பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

முந்தின நாளிலிருந்து ஓடாத வண்டி, இன்ஜின் குளிர்ந்து கிடந்தது. பானெட்டைத் திறந்தேன். முதலில் எட்டு பிளக் வயரையும் மடமடவென்று பிடுங்கினேன். எது எதிலிருந்து வந்தது என்று அடையாளம் வைக்கவில்லை. (வெள்ளைக்காரர் வைத்திருப்பார். அந்த இடத்தில்தான் யாரோ பாத்ரூம் கதவைத் தட்டினார்கள்.) முன்பக்கப் பிளக்குகள் சமர்த்தாகக் கழன்று வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் மாமா அதை வாங்கித் துடைத்து வரிசையாக வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை இன்ஜினியர் என்று ஞாபகப்படுத்தினார். பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்குத் திருஷ்டி படக்கூடாதே என்று கவலைப்பட ஆரம்பித்தார். ஏழு வந்துவிட்டது.

எட்டாவது, இன்ஜினுக்கும் சீட்டுப் பக்கத்துத் தடுப்புத் தகட்டுக்கும் நடுவில், புகைக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஸ்பேனர் போகவில்லை. சரி, எங்கே இருக்கிறது என்றாவது தடவிப் பார்க்கலாம் என்று இன்ஜின் மேல் குப்புறப் படுத்து வலது கையை உள்ளே விட்டேன். போனது. விரல் நுனியில் பிளக்கின் வழவழப்புத் தட்டுப்பட்டது. சந்தோஷத்தோடு கையை இழுத்தேன். வரவில்லை. நிச்சயத்துக்குப் பெண் வீட்டில் போட்ட மோதிரம் உள்ளே எதிலோ கொக்கி போட்டுக்கொண்டது.

அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் விஷயம் சின்னதாக முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஒரு வேலையில் ஆழ்ந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே மாட்டியிருந்த கையை ரகசியமாகத் திருகிக்கொண்டிருந்தேன். திருகத் திருக விரல் வீங்கியது. மாமா டீ கொண்டுவந்து நீட்டினார். இடது கையால் வாங்கினேன். மாமனார் கொடுப்பதை இடது கையில் வாங்கிய மாப்பிள்ளையைப் பார்த்துப் பெரியம்மா கண்ணாலேயே என்னை அடித்தார். படுத்த நிலையில் டீ குடிப்பது சுலபமில்லை. பாதி என் சட்டைக்குப் போனது.

கடைசியில் கண்டுபிடித்தது உமாதான். டம்ளரை எடுக்க வந்தவள் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"கை மாட்டிக்கிச்சா?"

"இல்ல... கொஞ்சம்."

"எப்போலேர்ந்து?"

"டீக்கு முன்னாடிலேர்ந்து."

அவள் சிரிக்கவில்லை. (உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.) ஆனால் பெரியம்மாவுக்குக் காது கூர்மை. மறு வினாடி அவர் போனை எடுத்துவிட்டார். நாட்றம்பள்ளிக்குப் போன செய்தி "கை மாட்டிக்கிச்சு." அங்கிருந்து திருப்பத்தூர் சித்தப்பாவுக்குப் போனபோது "கை போச்சு." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று விவாதம் தொடங்கியது. பள்ளிகொண்டா ரங்கநாதருக்கு யாரோ வேண்டிக்கொண்டு அதையும் குழுவில் போட்டார்கள். இதற்குள் மாமா ரம்பத்தோடு வந்து, புகைக்குழாயை அறுத்துவிடலாம் என்றார். அத்தனை வருஷம் குழந்தை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்த கார் அது. எனக்காக அறுக்கத் தயாராக இருந்தார். ரம்பத்தை வைப்பதற்கு முன் அவர் அந்தக் குழாயை ஒருமுறை துடைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாக வெட்கத்தை விட வருத்தம் அதிகமானது.

"இருங்கப்பா," என்று சொல்லிவிட்டு, உமா தேங்காய் எண்ணெயோடு காருக்குள் ஏறினாள். நான் பானெட் பக்கம் கவிழ்ந்திருந்ததால் அவள் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. இடது சீட்டின் மேல் தலைகீழாகக் கவிழ்ந்து, கால் வைக்கிற இடத்தில் இருந்த தரைவிரிப்பைத் தூக்கியிருக்கிறாள். அதன் அடியில், தடுப்புத் தகட்டில், டம்ளர் வாயளவுக்கு ஒரு ரப்பர் மூடி. அதைப் பிடுங்கினால் ஓட்டை. எட்டாவது பிளக்குக்கு வழியே காருக்குள்ளிருந்துதான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், இருட்டான இன்ஜினுக்குள் வழவழவென்று ஏதோ ஒன்று ஊர்ந்து வந்து என் விரலைச் சுற்றியது என்பதுதான்.

"பாம்பு" என்று அலறினேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் தெருவுக்கு ஓடினார்கள். காருக்குள்ளிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது.

"நான்தாங்க."

அவள் கை என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு இரும்புத் தகடு, சுற்றிலும் கிரீஸ், பின்னணியில் "பாம்பா, எங்க?" என்று பெரியம்மா. எண்ணெய் தடவி, மோதிரத்தை மெதுவாகத் திருகி உருவினாள். கை வெளியே வந்தது.

நான் மூச்சு விடுவதற்குள் பெரியம்மா சொன்னார், "இன்னாடா இது. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணே மோதிரத்தைக் கழட்டிட்டாளே."

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. இப்படி ஒரு சொல்லில் நின்றுபோன கல்யாணங்கள் எங்கள் பக்கம் உண்டு. இப்போது நான்தான் பேச வேண்டும் என்று தெரிந்தது. அதற்குள் காருக்குள்ளிருந்து உமாவின் கை மட்டும் மேலே நீண்டு, நீள ஸ்பேனரைக் கேட்டது. கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்தாள். தலைமுடி கலைந்து, கன்னத்தில் கரி. ஒரு கையில் எட்டாவது பிளக், இன்னொரு கையில் மோதிரம்.

"கழட்டினா இன்னா அத்தை," என்றாள் பெரியம்மாவிடம். "பிளக்கையும்தான் கழட்டினோம். திரும்ப மாட்டத்தானே?"

பெரியம்மா பிளக்கைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார், டீயில் நனைந்திருந்த என்னைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நிச்சயத்தன்னைக்கு உங்கப்பா போட்டுவுட்டாரு. இப்ப நீயே போட்டுவுடு. அதான் முறை." அப்படி ஒரு முறை உலகத்தில் எங்கேயும் கிடையாது. பெரியம்மா அந்த இடத்தில் நின்று உண்டாக்கியது. வீங்கிய விரலில் ஏறாததால், உமா அதை என் சுண்டுவிரலில் போட்டாள். மாமா திரும்பி நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புதுப் பிளக்குகளைப் போட்டாகிவிட்டது. அப்புறம்தான் எட்டு வயரும் அநாதையாகத் தொங்குவது தெரிந்தது. மாமா தன் இன்ஜினைப் படம் எடுத்து தினமும் உறவினர்களுக்கு அனுப்புகிற பழக்கம் உள்ளவர். அதில் ஒன்றைத் தேடி எடுத்தோம். படத்தின் மேல் ரோஜாப்பூவோடு "இனிய காலை வணக்கம்" என்று எழுதியிருந்ததால், இரண்டு வயர்கள் வணக்கத்துக்கு அடியில் மறைந்துபோயிருந்தன. ஆறை மாட்டிவிட்டு, மீதி இரண்டையும் வைத்துக்கொண்டு நானும் உமாவும் மத்தியானம் முழுக்க வாதாடினோம். காவலுக்கு உட்கார்ந்த பெரியம்மா தூங்கிவிட்டார்.

பேச்சு வயரிலிருந்து எங்கெங்கோ போனது. சின்ன வயதில் அவளும் அவள் அக்காவும் அந்த ஓட்டைக்குள் சாக்பீஸ் போட்டு விளையாடியது, நான் சர்வீஸ்காரருக்குப் போன் போடுவது எல்லாம் வெளியே வந்தது. அந்த ஓட்டையைப் பற்றி முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க இன்ஜினியராச்சே, தெரிஞ்சுதான் அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

நான் சொன்னபடி மாட்டினோம். வண்டி ஒரு வெடி வெடித்தது. பெரியம்மா நாற்காலியோடு எழுந்தார். அவள் சொன்னபடி மாற்றினோம். மாமா சாவியைத் திருப்பினார். ஒரு உறுமல், அப்புறம் தடையில்லாத ஒரே சீரான முழக்கம். மாமா அதை அணைக்காமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரில்தான் போனேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது மாமா வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். எல்லா உறவினர்களும் முதலில் என் வலது கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னார்கள்.

இப்போதும் எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் குழாய் ஒழுகினாலும், நான் எழுந்தால் போதும், எங்கள் மகள் கையை நீட்டி மோதிரத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில், மணமகன் மணமகள் கையைப் பிடிக்கிற நேரத்தில், பெரியம்மா பக்கத்து வரிசை வரை கேட்கும்படி சொன்னார்: "எங்க புள்ள மொதல்ல பொண்டாட்டி கையைப் புடிச்சப்போ பாம்புன்னு கத்தினான்."

உமா திரும்பக்கூட இல்லை. "இன்னும் அவருக்கு அந்த சந்தேகம் முழுசா தீரல அத்தை," என்றாள்.