முதுகு நடித்த படம்

அன்புள்ள மாமாவுக்கு மைத்துனன் எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்காகப் பிடித்து வைத்திருக்கும் உங்கள் டைல்ஸ் கடை வேலைக்குத் திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்.

எங்கள் நாடகத்தைச் சினிமாவாக எடுக்கிறார்கள் என்றதும், "என் மச்சான் மூஞ்சி திரையில வரப்போகுது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டீர்களாமே, அக்கா சொன்னாள். மூஞ்சி வராது மாமா. கதை உங்களுக்குத் தெரியும்: ஜென்மப் பகையாளிகள் இருவர், பூட்டிய அறை, இரண்டு டம்ளர், ஒன்றில் விஷம். மேடையில் ஒரு பகையாளி நான், இன்னொருவன் ஒட்டகம், அந்த நீளக் கழுத்துக்காரன். மேடையை விட்டு இறங்கினாலும் எனக்குப் பகையாளிதான், எனக்குக் கைதட்டல் விழும் இடமாகப் பார்த்து இருமுவான். சினிமாக் கம்பெனி கூப்பிட்டதும் இருவரும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஓடினோம். போய்ப் பார்த்தால் இரண்டு பகையாளியும் ஒரே ஹீரோ, இரட்டை வேடமாம். அவர் ஒருவராகப் பேசும்போது எதிரே மற்றவரின் முதுகு தெரிய வேண்டுமே, அதற்குத்தான் நாங்கள். ஆளுக்கொரு முதுகு. நாடகத்தை எழுதியவர் பார்க்க வந்தார், வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஹீரோவின் நாய் ஏசி வண்டியில் தூங்குகிறது, எங்களுக்கு ஜெனரேட்டர் நிழல். சாப்பாட்டு வரிசையில் மூஞ்சி உள்ளவர்கள் முதலில், முதுகுகள் கடைசியில். எங்கள் முறை வரும்போது பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம்தான் மிச்சம்.

நேற்று விஷம் குடிக்கும் காட்சி. மேடையில் முதல் வரிசை மூக்கை உறிஞ்சும் இடம் அது. உயிரைக் கொடுத்து நடித்தேன், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கேமரா என் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இயக்குநர் நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, உங்க முதுகு ரொம்ப நடிக்குது. கொஞ்சம் குறைங்க."

"எப்படி சார் குறைக்கிறது?"

"செவுரு மாதிரி நில்லுங்க, போதும்."

ஒட்டகம் விடுவானா? "மேடையில எப்பவும் செவுருதான் சார் இவன். இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

அத்தோடு வெறுத்துவிட்டது மாமா. வியர்வை எங்களுடையது, மூஞ்சி மட்டும் யாரோ ஒருவருடையது. டைல்ஸ் தூக்குகிறவன் மூஞ்சியையாவது வாங்க வருகிறவர்கள் பார்ப்பார்கள். தெருவில் கேட்டால் படம் பாதியில் நின்றுபோனது என்று சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம்.

உங்கள் மைத்துனன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். ஒட்டகம் என் அறைக்கு வந்தான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "முதுகைக் காட்டிப் புள்ளை வளக்க முடியாதுடா. எங்கயாவது வேலை இருந்தா சொல்லு" என்றான். சுவரைப் பார்த்து நின்றுதான் கேட்டான். அழுகிறான் என்று முதுகிலேயே தெரிந்தது. இந்தக் கடிதத்தோடு உங்கள் முன் நிற்பவன் அவன்தான் மாமா. என் வேலையை அவனுக்குக் கொடுங்கள். இயக்குநரிடம் பேசிவிட்டேன், திங்கள் முதல் இரண்டு முதுகும் நானே. எனக்கும் இரட்டை வேடம். படம் நின்றதாக யாரிடமும் சொல்ல வேண்டாம். அவனை ரொம்பப் பாரம் தூக்க விடாதீர்கள். நல்ல முதுகு.