கொப்பளி அண்ணாச்சியிடம் நீட்டிய நாக்கு

ராஜபாளையத்தில், வாடிக்கையாளர் மானத்தை வாங்குவதற்கென்றே மருந்துக் கடை நடத்துபவர் கொப்பளி அண்ணாச்சி ஒருவர்தான். கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் டம்ளரும் இருக்கும். கொப்பளித்துத் துப்பிக் காட்டினால்தான் இன்ஹேலர் கைக்கு வரும். சஃபாரி போட்ட மில் மேனேஜர் ஒருவரைச் சாக்கடையோரம் இரண்டு முறை குனியவைத்ததை நானே பார்த்தேன். முதல் தடவை சரியாகத் துப்பவில்லையாம்.

என் ஐந்து வயது மகளுக்கு இழுப்பு. டாக்டர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அது ரத்தத்தில் கலந்து பிள்ளை ஊதிவிடுவாளோ என்று அண்ணாச்சியிடம் கேட்டுத் தொலைத்தேன். கடையில் நின்ற எல்லோருக்கும் சேர்த்துப் பாடம் ஆரம்பமானது. மருந்தில் கொஞ்சம்தான் நுரையீரலுக்குப் போகுமாம். அங்கிருந்து துளி ரத்தத்துக்கும் போகும். டாக்டர் சொன்ன அளவென்றால் பயமில்லை. மிச்சம் வாயிலும் தொண்டையிலும் படியும். விழுங்கினால் வயிற்றுக்குப் போய், பெரும்பாலும் ஈரலில் உடைந்துவிடும். வாயிலேயே கிடந்தால்தான் வம்பு; அதற்குத்தான் அடித்ததும் கொப்பளிக்கச் சொல்வது.

என் காதில் விழுந்தது 'ரத்தம்' மட்டும்.

மகளை வாய் திறக்கவைக்க ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான் லஞ்சம். மருந்தை அடித்த கையோடு ஊட்டிவிடுவேன், கொப்பளிப்பதெல்லாம் கிடையாது. ஒரு நாள் அண்ணாச்சி அவளை நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளையாக இருந்தது.

"பால்கோவா அண்ணாச்சி," என்றேன்.

"எப்பம்மா தின்னா?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து தின்னது இன்னுமா ஒட்டிக்கிட்டு இருக்கு? பூஞ்சைம்மா அது. டாக்டர்ட்ட காட்டு, சரியாப் போயிரும்."

வாளி வைத்து வியாபாரம் செய்பவர் பேச்சை யார் கேட்பது? வீட்டுக்கு வந்து, யாரையும் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தினேன். பால்கோவாவை நிறுத்தவில்லை.

பத்தாம் நாள் பள்ளிப் படியேறும்போது மகளின் நெஞ்சு விசிலடித்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த நீல இன்ஹேலரில் துளியும் மருந்து இல்லை. அண்ணாச்சி கடைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புதிய நீலத்தைப் பிரித்து அவரே அடித்துவிட்டார். பிறகு என் பையிலிருந்த ஸ்டீராய்டு இன்ஹேலரில், இன்னும் எத்தனை தடவை அடிக்கலாம் என்று காட்டும் எண்ணைப் பார்த்தார். அது பத்து நாளாக நகரவில்லை.

"வாய் கழுவாததுக்கு நெஞ்சைப் பட்டினி போட்டுட்டியே தாயி."

அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான். வாளி உருளக் குறுக்கே ஓடி, நடுரோட்டில் ஆட்டோவை மறித்து, எங்களை டாக்டரிடம் அனுப்பினார்.

இப்போது மகள் தினமும் மருந்து அடித்துக்கொண்டு, ஒழுங்காகக் கொப்பளித்து, நாக்கை நீட்டுகிறாள். சுத்தமாக இருக்கிறது என்று நான் சொன்னால் நம்புவதில்லை. அண்ணாச்சி சொல்ல வேண்டுமாம்.

அந்தக் கடை பள்ளிக்குப் போகும் வழியில் இல்லை. ஆனாலும் அப்படித்தான் போகிறோம்.