பனிமூலையில் நான் பிடித்த சீட்டு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு பிணத்தைத்தான் சட்டையில் பிடித்து உலுக்கியிருக்கிறேன். அந்தப் பிணம் என் முதலாளி. பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, சீட்டைக் கட்டிப்போட்டுச் சாகச் சொல்லித் தமிழிலும் ஜெர்மனிலும் கத்தினேன். இதைச் சொன்னதும் நான் வெட்கப்படுவேன் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். வெட்கம் வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போய்விட்டது. மன்னிப்பு மட்டும் அன்றும் கேட்கவில்லை, இனிக் கேட்கிற யோசனையும் இல்லை.

முதலாளி உண்மையில் சாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்டில், கால் கோளாறு உள்ளவர்களுக்கு அளவெடுத்துச் சப்பாத்து செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. நாற்பது வயதில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து (வகுப்பில் முதல் நாள் பிள்ளைகள் என்னை ஆசிரியை என்று நினைத்து எழும்பி நின்றார்கள்) ஏறாத படியெல்லாம் ஏறிக் கடைசியில் அங்கேதான் எனக்கு வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் ப்ரோபெட்சைட். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை அந்த வருடம்தான் இழுத்து மூடப்பட்டிருந்தது. வீட்டு வாடகை முழுவதும் என்னுடைய தோல் தைக்கும் ஊசியை நம்பியிருந்தது.

முதலாளியின் பெயர் ஹெர் ஃபெட்டர்லே. அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் ஒவ்வொரு மாசியிலும் மூன்று நாள் அவர் வேட்டைக்காரனாகிவிடுவார். ஷ்வேபிஷ் ஆல்ப் மேட்டில் பழைய முகாம் ஒன்றை எடுத்து, வளர்ந்த மனிதர்கள் தோலும் உரோமமும் உடுத்திக்கொண்டு, உலகத்தின் கடைசியில் உறைந்துபோன ஒரு கற்பனை ஊரில் வாழ்வதாக நடிப்பார்கள். அந்த ஊரின் ஜெர்மன் பெயர் நாக்கில் புரளாது, பனிமூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் பட்டறைக்காரர் எல்லாரையும் அழைத்தார். போகாவிட்டால் ஒன்றுமில்லை என்று என் சக வேலைக்காரி அனெற்றா சொன்ன விதத்திலேயே, போகாவிட்டால் என்ன ஆகும் என்பது விளங்கியது.

"இஞ்சாரும், அங்கை போய் வாயைக் காட்டாமல் இருந்துபோட்டு வாரும். இன்னும் ரெண்டு மாசம்தானே" என்றார் என் கணவர். நான் தலையாட்டினேன். (தலையாட்டுவதும் ஒப்புக்கொள்வதும் ஒன்று என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் நம்புகிறார்.)

வாசலிலேயே கைத்தொலைபேசியையும் மணிக்கூட்டையும் வாங்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு வாழ்க்கையைத் தந்தார்கள். எனக்குக் கிடைத்தது, புருசனைப் பனியில் பறிகொடுத்த மீன்காரி. (அந்த நேரம் என் புருசன் சோஃபாவில் போர்த்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.) பனிமூலையில் யூரோ செல்லாது. சிவப்பு நூலால் கட்டிய விறகுக் கட்டுத்தான் காசு. காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை ஊர்த்தலைவரின் களஞ்சியத்திலிருந்து ஆளுக்கொரு கட்டுத் தருவார்கள். அதைக் கொடுத்து ஒரு கருவாடு வாங்கலாம், அல்லது எரித்துக் குளிர் காயலாம். இரண்டும் ஏலாது. ஒரு கரடித்தோல் வேண்டுமென்றால் வியாபாரிக்கு நான்கு கட்டுக் கொடுக்க வேண்டும். நான்கு சேர்க்கும்வரை எரிக்காமல் இருந்தால் விறைத்துவிடும், குளிர் மட்டும் அங்கே கற்பனை இல்லை. அதனால் யாரும் எதையும் சேர்க்காமல், வியாபாரியின் வாசலில் நின்று தோலைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சுக்குத்தான் எல்லாரும் கட்டணம் கட்டி வந்திருந்தார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் ஒன்றும் இல்லாத சனம் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் எந்த வங்கியும் எங்களை முகம் கொடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் முதல் கார், தங்கச்சியின் கலியாணம், சின்னண்ணையின் கடை எல்லாம் சீட்டுக் காசு. பத்துப் பேர் ஒரு குசினியில் கூடி ஆளுக்கு நூறு போட்டால், அன்றைக்கு ஒருவர் கையில் ஆயிரம் இருக்கும். அவசரக்காரர் கொஞ்சம் கழித்துக்கொண்டு முதலில் எடுப்பார், கழித்ததை மற்றவர்கள் பங்கிடுவார்கள். எடுத்தவர் கடைசித் தவணைவரை ஒழுங்காகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பாதுகாப்பு, சீட்டுப் பிடிக்கிறவரின் வாய்ச்சொல் ஒன்று மட்டுமே.

ஆகவே முதல் நாள் மாலையே எங்கள் குடிசையில் சீட்டுத் தொடங்கிவிட்டேன். ஆறு பேர்: நான், அனெற்றா, முதலாளி, இரும்புக் கொல்லராக நடித்த ஒரு பல் வைத்தியர், ஆடு களவெடுக்கிறவர்களாக நடித்த ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும். ஆறு தவணை. ஒவ்வொரு தவணையும் ஆளுக்கொரு கட்டு. விளக்கி முடிய முன்னமே பல் வைத்தியரின் கண் பளிச்சென்றது. வழக்கப்படி முதல் தவணை சீட்டைப் பிடித்து நடத்துகிற எனக்கு, கழிவில்லாமல். ஆனால் ஹெர் ஃபெட்டர்லே கரடித்தோலை நினைத்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். முதலாளி. ப்ரோபெட்சைட். நான் விட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு கட்டைக் கழித்துவிட்டு நான்கை அள்ளிக்கொண்டு வியாபாரியிடம் ஓடினார். கழிவாக மிஞ்சிய இரண்டு கட்டையும் ஒரே அடுப்பில் போட்டு ஆறு பேரும் சுற்றி இருந்தோம். அந்த ஊரில் அன்று நன்றாகச் சூடு காய்ந்த ஒரே குடிசை எங்களுடையது.

அடுத்த நாள் விடியவே, காலை விறகு வருமுன்னம், முதலாளி புதுக் கரடித்தோலைப் போர்த்துக்கொண்டு வேட்டைக்குப் போனார். அந்தத் தவணை எனக்குரியது, அவருடைய கட்டை மதியம் வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். பனி ஓநாய்களாக நடித்தவர்கள் காட்டோரத்தில் வைத்து அவரைக் கடித்துக் கொன்றுவிட்டு, தோலையும் கொண்டுபோய்விட்டார்கள்.

மதியம் விறகு வந்தது. என் முன்னால் ஆறு கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது. அந்தத் தவணை எடுக்க வேண்டியவர் ஓய்வுபெற்ற அம்மா, பனிச்சறுக்கு வண்டி வாங்குவதற்கு. அவர் விறகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சீட்டு உடைந்த வீடுகளில் அதைக் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், பிள்ளைகளின் கலியாணத்துக்கும் சொல்ல மாட்டார்கள். விளையாட்டு விறகுதானே என்று நீங்கள் நினைக்கலாம். வாக்குக் கொடுத்த வாய் விளையாட்டு வாய் இல்லை, என்னுடையது.

அந்த நேரம் பார்த்து ஹெர் ஃபெட்டர்லே குடிசைகளுக்குப் பின்னால் கழிப்பறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தலையில் ஒரு வெள்ளைத் துணி. செத்தவர்கள் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அவர்களைக் காணவும் கூடாது, அவர்களோடு கதைக்கவும் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துப் புது ஆளாகப் பிறந்து வருவார்கள். எனக்கு விதி தெரியும். தெரிந்துகொண்டேதான் போய் வழியை மறித்தேன்.

எங்கள் விறகு எங்கே என்று கேட்டேன். அவர் தலைத் துணியைத் தொட்டுக் காட்டினார். காண்கிறேன், விறகு எங்கே என்றேன். செத்தவர் பேசக் கூடாது என்பதால் அவர் கண்ணை உருட்டி, கழுத்தை ஓநாய் கடித்த விதத்தைக் கையால் நடித்துக் காட்டினார். பிறகு பக்கவாட்டில் நழுவி ஓடப் பார்த்தார். அப்போதுதான் சட்டையைப் பிடித்தேன். ஜெர்மன் எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது, தமிழ்தான் முதலில் வந்தது, அதையே பிறகு ஜெர்மனிலும் கத்தினேன்.

"சீட்டெடுத்த ஆள் செத்தாலும் சீட்டுச் சாகாது. கட்டிப்போட்டுச் சாவுங்கோ!"

பனிமூலை முழுவதும் நின்ற இடத்தில் நின்றது. ஒரு ஓநாய் தன் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தது. கையில் பிடித்திருப்பது யாருடைய சட்டை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதம், வாடகை, கணவரின் புத்திமதி எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. விடலாம் என்று விரல் நினைத்தது. விடவில்லை.

ஊர்த்தலைவர், அதாவது விளையாட்டை நடத்துபவர், ஓடி வந்தார். மரணத்தோடு கடன்கள் முடிந்துவிடும், அது பனிமூலையின் சட்டம் என்றார். எங்கள் சனத்தில் எடுத்தவர் செத்தால் மனைவி கட்டுவா, அதுவும் இல்லாவிட்டால் தமையன் கட்டுவான், இவருக்கு யார் இருக்கிறார் என்று கேட்டேன். சீட்டு என்ற ஒன்றே இந்த ஊரில் இருக்க முடியாது, எல்லாரும் விறைத்து ஏங்க வேண்டும் என்று ஒரு வருடமாகத் திட்டமிட்ட கதையை ஒரே மாலையில் கெடுத்துவிட்டேன் என்றார். ஆள் குளிரில் விறைப்பதுதான் கதை என்றால் அந்தக் கதை கெட்டது நல்லது என்றேன். உடனே தீர்ப்புச் சொன்னார்: நாடு கடத்தல். வேலிக்கு வெளியே, பனிப் பாலைவனத்துக்கு.

பனிப் பாலைவனம் என்பது கார் நிறுத்துமிடம். (அதன் ஓரத்தில் முகாமின் அலுவலகம் இருந்தது. உள்ளே அறையைச் சூடாக்கும் ஹைசுங் கொதித்தது.) நான் முதலாளியின் காரில் வந்தவள், பேருந்து ஞாயிறுவரை இல்லை. படியில் இருந்து அழ வேண்டும்போல் இருந்தது, அழுதேன். பிறகு என் பையைத் திறந்தேன். வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் நிறைய மீன் றோல்ஸ் கொண்டுவந்திருந்தேன். வெளிச் சாப்பாடு கூடாது என்றுதான் சொன்னார்கள். ஆனால் மீன்காரியிடம் மீன் இருக்காமல் வேறென்ன இருக்கும்? அலுவலக அடுப்பில் சூடாக்கி, வேலிக்கு இந்தப் பக்கம் டின்னை வைத்து மூடியைத் திறந்துவிட்டேன். காற்று மற்றதைப் பார்த்துக்கொண்டது.

ஒரு றோல் ஒரு கட்டு. விலை பேசக் கூடாது. முதலில் கொல்லர் வந்தார், பிறகு கூட்டமாக வந்தார்கள். ஓநாய்கள் வந்தன. வியாபாரி தன் தோல்களை விட்டுவிட்டு விறகோடு வந்தார். முதலாளியின் தவணைகள் அத்தனைக்கும் விறகு சேர்ந்தது. ஓய்வுபெற்ற அம்மாவைக் கூப்பிட்டு, குறைந்த கட்டை வேலிக்கு மேலால் கையில் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஞாயிறு மதியம்வரை ஒவ்வொரு தவணையும் வேலிக்கு வெளியே இருந்தே நடத்தினேன். என் சீட்டு உடையவில்லை. உள்ளே, தலைவரின் ஊரில் சந்தை செத்துப்போனது. அவரும் கடைசியில் ஒரு கட்டு விறகோடு வந்து நின்றார். கொடுத்தேன், அவரும் மனிதர்தானே.

ஒருவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஹெர் ஃபெட்டர்லே சொத்தெல்லாம் துறந்த துறவியாக மறுபிறவி எடுத்திருந்தார். பிச்சைப் பாத்திரத்தோடு வேலியடியில் வந்து நின்றார். வாசம் அவரை என்ன பாடுபடுத்தியது என்று முகத்தில் தெரிந்தது. போன பிறப்பில் எடுத்ததைக் கட்டினால் தருவேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். திரும்பும் வழியில் காரில் அவர் வானொலியைச் சத்தமாக வைத்தார், நான் வெறும் டின்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டில் கணவர் கதையைக் கேட்டுவிட்டுச் சீரியலை நிறுத்தினார். பிறகு, "வேலை போனாலும் பரவாயில்லை, நீர் செய்தது சரி" என்றார். கட்டிய நாளிலிருந்து எனக்கு அவர் மேல் அவ்வளவு அன்பு வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை, கடிதம் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என் தையல் மேசையில் சிவப்பு நூல் கட்டிய விறகு அடுக்கியிருந்தது. முதலாளி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் விறகைக் காட்டினார். எண்ணினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நாலுதான் இருக்குது. ஐஞ்சு கட்டோணும்" என்றேன் ஜெர்மனில்.

அவர் விரல்விட்டுத் தவணைகளை எண்ணினார், காது வரை சிவந்தார். அடுத்த நாள் ஐந்தாவது கட்டு வந்தது. இரண்டு மாதம் கழித்து நிரந்தர வேலைக்கான கடதாசியைத் தந்தார். அதைத் தரும்போது குரலைத் தாழ்த்தி, உண்மையான சீட்டு எங்கள் வீட்டில் நடக்கிறதா, வெளி ஆட்களைச் சேர்ப்பீர்களா என்று கேட்டார்.

சேர்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு 'செத்தவர்' என்றுதான் பெயர். சீட்டு நாளில் சனம் வந்து இருந்ததும், செத்தவர் வரவில்லையோ என்று யாராவது கேட்பார்கள். புதிதாக வந்த சித்தி ஒருத்தி இதைக் கேட்டுப் பயந்துபோய் சிலுவை போட்டுக்கொண்டா. பெயரின் அர்த்தத்தை அவருக்கு மறைக்காமல் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு கீழே வாசல் மணியை அமத்திவிட்டு, அதோடிருக்கும் ஒலிவாங்கியில் அவரே தமிழில் சொல்கிறார்:

"செத்தவர் வந்திருக்கிறன்."

"காசு கொண்டந்தா ஏறி வாங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் நான் கதவைத் திறப்பேன்.