கைடுக்கு வைக்கிற தட்டு

என் அன்புள்ள நெட்டைக்கு,

நாலு பேர் முன்னாடி "நீங்க", கதவைச் சாத்திட்டா "நீ". இது நமக்குள்ள பழக்கம். இப்பவும் கதவைச் சாத்திட்டுத்தான் எழுதுறேன். குள்ளமா இருந்த மனுஷனுக்கு நெட்டைன்னு பேர் வச்சவ வேற யாரு, நான்தான். இங்கே நான் நல்லா இருக்கேன் என்று ஆரம்பிக்கிறதுதான் மரியாதையாம், அதனால நல்லா இருக்கேன். அடுத்த வரியில உன் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கணும். உன் உடம்பை நாங்களே அடக்கம் பண்ணிட்டு வந்ததால அதை விட்டுடறேன், கோவிச்சுக்காதே.

நீ போனதிலேருந்து எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. வீம்புக்குப் பண்ணலை. தட்டுல போடுவேன், உட்காருவேன், அப்படியே எழுந்துடுவேன். உனக்கும் ஒரு தட்டு போட்டு வைக்கிறேன், அதுவும் அப்படியே காயுது. நம்ம பொண்ணு வந்து, என் ரவிக்கை தோள்ல நிக்காம வழியறதைப் பார்த்துட்டு, "இனியும் நீ சாப்பிடலைன்னா வீட்டைப் பூட்டிட்டு உன்னை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்மா, சொல்லிட்டேன்" என்றாள். பூட்டிட்டா நீ வந்து எங்கே நிப்பே? மாடிப்படி லைட்டைக்கூட நான் அணைக்கிறதில்லை. அதைச் சொன்னா என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவா, அதனால வாயைத் திறக்கலை. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. நீ கைடா இருந்த அந்தச் சாப்பாட்டு நடைக்கே எனக்கு ஒரு டிக்கெட் எடுத்துட்டா. "அப்பா காலமெல்லாம் ஊரான் ஊரானைத் தெருத்தெருவாக் கூட்டிட்டுப் போய் ருசி காட்டினாரு, நீ ஒரு நாளாவது போயிருக்கியா?" போனதில்லை. "நீ சாப்பிட்டியா இல்லையான்னு கைடு பொண்ணு எனக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவா." ஆக, எனக்கு ஒரு ஒற்றனும் வச்சாச்சு.

ரயிலடிக் கடிகாரத்துக்குக் கீழே நின்னோம். புதுசாக் கல்யாணமான ஒரு ஜோடி, ஒரு பல் டாக்டர், அவர் சம்சாரம், நான். உன்கிட்டத் தொழில் கத்துக்கிட்ட அந்தப் பொண்ணு உன் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தா. எங்களைப் பார்த்தபடியே பின்னாடி பின்னாடி நடக்கிறா, நீ நடப்பியே அப்படி. சைக்கிள் வந்தா திரும்பாமலே ஒதுங்குறா. அதுகூடப் பரவாயில்லை. நீ சொல்ற கதையை அப்படியே சொல்றா நெட்டை, நீ எந்த இடத்துல இருமுவியோ அந்த இடத்துல இருமுறா. இருமல் இல்லாத பொண்ணு. உன் இருமலும் பாடத்துல சேர்த்தின்னு நினைச்சு மனப்பாடம் பண்ணியிருக்கா. அதுக்கு மேல, "என் வீட்டுக்காரி சமையலுக்குப் பயந்துதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்" என்கிறா. அவளுக்கு ஏது வீட்டுக்காரி? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, பல் டாக்டர் என் பக்கம் குனிஞ்சு, "பாவம், யாரு பெத்த பொம்பளையோ" என்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இதைத்தான் தினம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியா நீ?

முதல்ல துறைமுகத் தெரு. வலையும் கயிறும் காயற சந்துக்குள்ள மீன் சூப் விற்கிற அம்மா கடை. எங்க எல்லாருக்கும் கிண்ணம் வச்சா, அப்புறம் சுவரோர மூலையில தனியா ஒண்ணு வச்சா. "அது யாருக்கு?" என்றேன். "கைடுக்குங்க. எல்லாக் கடையிலயும் கைடுக்கு ஒரு தட்டு உண்டு, கூட்டம் சாப்பிட்டு முடிச்சதும் அவர் நின்னுக்கிட்டே சாப்பிடுவாரு" என்றது கைடு பொண்ணு. "அப்ப நீ சாப்பிடேன்மா." அவ குரலைத் தணிச்சு, "நான் தொடமாட்டேங்க. அவங்க வைக்கிறது சாருக்கு" என்றா. சூப் கடைக்காரி அந்த மூலையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டுட்டு, பதிலுக்கு நிக்கிற மாதிரி நின்னா. நான் என் சூப்பை ஒற்றன் பார்க்காம எங்கேயாவது கொட்டணும்னு வாசல்ல இருந்த பூந்தொட்டியை நோட்டம் விட்டேன். படகு ஒண்ணு ஊதுச்சு, அந்தப் பக்கம் திரும்பினேன். குனிஞ்சு பார்த்தா என் கிண்ணம் காலி. கொட்டிட்டேன் போலன்னு தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன், மண்ணு காஞ்சு கிடக்கு. மூலையைப் பார்த்தா அந்தக் கிண்ணமும் காலி, ஆவி மட்டும் மெல்ல ஏறுது. பல் டாக்டர்தான் திருட்டுத்தனமாக் குடிச்சிருப்பார்னு அவர் மீசையைப் பார்த்தேன். நனையலை.

அடுத்தது மில்லுக்காரங்க குடியிருந்த மேட்டுத் தெரு. வீடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தோளை இடிச்சுக்கிட்டு நிக்குது. ரொட்டி சுடறவர் அடுப்பிலேருந்து நீளக் கரண்டியால எடுத்து எடுத்து வீசறார். மூலைத் தட்டுல ஒரு ரொட்டி வச்சு, "சார் இன்னிக்குப் பேசவே மாட்டேங்கிறாரே" என்றார். யார்கிட்டச் சொல்றார்னு பார்த்தேன். என்னையும் பார்க்கலை, கைடு பொண்ணையும் பார்க்கலை, என் தோளுக்கு மேல பார்த்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரலை. இந்தத் தடவை என் ரொட்டியைக் கையோட பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டேன், மூலைத் தட்டுலேருந்து கண்ணை எடுக்கக் கூடாதுன்னும் முடிவு பண்ணிட்டேன். கண்ணை எடுக்கவும் இல்லை. கல்யாண ஜோடி படம் எடுக்கச் சொன்னாங்க, அதுக்கு எடுத்ததுதான். தட்டு காலி. பையைத் திறந்தா உள்ளே துணுக்கு ரொட்டிகூட இல்லை, சூடு மட்டும் இருக்கு. பல் டாக்டர் என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னைச் சந்தேகப்படுறார்னு நினைச்சுச் சிரிப்பு வந்துடுச்சு. நீ போனப்புறம் அதுதான் நான் முதல்ல சிரிச்சது.

கடைசியா, கடல் தாண்டி வந்தவங்க குடியிருக்கிற தெரு. அவங்க பேச்சு நமக்குப் புரியாது, நம்ம பேச்சு அவங்களுக்குப் புரியாது, விளக்கெல்லாம் மஞ்சளா எரியுது. வெல்லப்பாகு ஊத்தின பணியாரம் மாதிரி ஏதோ ஒண்ணு சுடறா ஒரு பொம்பளை. என் வயசு, கறுப்புத் துணி கட்டியிருந்தா. மூலைத் தட்டை வச்சவ கொஞ்ச நேரம் அங்கேயே நின்னு தலையை அசைச்சா, யாரோ நலம் விசாரிச்ச மாதிரி. அப்புறம் நேரா என்கிட்ட வந்து, கட்டைவிரலால என் உதட்டோரத்தைத் துடைச்சுவிட்டா. எதைத் துடைச்சான்னு தெரியலை. நான் ஒரு வாய்கூட வைக்கலையே. தட்டைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, ரெண்டும் காலியாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். இருந்துச்சு.

அப்பத்தான் புரிஞ்சுது நெட்டை. நான் வீட்டுல தட்டு போட்டுக் காத்துக்கிட்டிருக்கேன், நீ அங்கே கடைகடையா உட்கார்ந்து உன் தட்டோட என் தட்டையும் சேர்த்துக் காலி பண்ணிக்கிட்டிருக்கே. உயிரோட இருந்தப்பவும் "பசிக்கலைடி, வெளியில சாப்பிட்டேன்" என்றுதானே வந்து நிப்பே. செத்தும் புத்தி மாறலை. சரி, நீ வீட்டுக்கு வரமாட்டேன்னு தெரிஞ்சப்புறம் நான் எதுக்கு இந்தச் சுவரைக் காவல் காக்கணும்? நாளைக்கு நம்ம பொண்ணு வர்றா. சாவியை அவ கையில குடுத்துட்டு அவளோட போயிடறேன். மாடிப்படி லைட்டையும் இன்னிக்கு அணைச்சுட்டேன். அழுதுக்கிட்டுதான் அணைச்சேன், ஆனா அணைச்சுட்டேன்.

நடக்கிற தெருவெல்லாம் உனக்கு நிழலா இருக்கட்டும். செருப்பு தேஞ்சா சொல்லி அனுப்பு. எங்கே போனாலும் பார்த்துப் போ, இனியாவது முன்னாடி பார்த்து நட.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரி
(சமையல் விஷயத்துல உன்னை மன்னிக்காதவ)

பின்குறிப்பு: கடிதத்தை மடிச்சு வச்சதுக்கு அப்புறம் நம்ம பொண்ணு வந்துட்டா. வாயெல்லாம் சிரிப்பு. கைடு பொண்ணு போன் பண்ணிட்டாளாம். "அம்மாவைப் பத்திக் கவலையே வேண்டாங்க. எல்லாக் கடையிலயும் அவங்க தட்டை வழிச்சுச் சாப்பிட்டாங்க, ரொட்டியைக்கூடப் பையிலேருந்து எடுத்துச் சாப்பிட்டாங்க. அப்புறம் எழுந்து போய் மூலையில நின்னுக்கிட்டே சார் தட்டையும் காலி பண்ணிட்டாங்க. பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு, யாரும் எதுவும் சொல்லலை. சூப்புக்கு மட்டும் ரெண்டு தடவை உப்பு கேட்டு வாங்கினாங்க" என்றாளாம். பொண்ணு சிரிப்பை நிறுத்திட்டு, "நீ எப்பம்மா உப்பு அதிகமாப் போட ஆரம்பிச்சே? அது அப்பா பழக்கமாச்சே" என்று என்னைப் பார்த்தா. சாப்பிட ஆரம்பிச்சுட்டியே, இனி வீட்டைப் பூட்டவேண்டாம், நீ இங்கேயே இரு என்று சொல்லிட்டுக் கிளம்பிட்டா. லைட்டை மறுபடி போட்டுட்டேன். இப்ப அடுப்படியில நின்னுக்கிட்டு எழுதுறேன். ஒரு சட்டி சோறு வடிச்சுச் சட்டியோட சாப்பிட்டு முடிச்சாச்சு, இன்னும் அடங்கலை. அங்கே எல்லாத்தையும் சாப்பிட்டது நான்தான்னா, எனக்கு ஏன் நெட்டை இப்படிப் பசிக்குது?