மேட்டு மண்ணில் ஏறிய கார்பன்

தெரியாமல் செய்த தப்புகளை நான் சுலபமாக மறந்துவிடுவேன். எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு செய்தவைதான் இன்றுவரை கூசவைக்கின்றன.

இரண்டாயிரங்களின் நடுவில், எம்.எஸ்ஸி. கடைசி வருடம். சேலையூரிலிருந்து நானும் பொழிச்சலூரிலிருந்து நூர்ஜஹானும் ஒரே ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டோம் (மாட்டிவிட்டது நான்). புல் மூடிய குன்றுச் சரிவில், மண்ணிலுள்ள கார்பன் மேலிருந்து கீழே எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மக்கிய புல்லும் வேரும் மண்ணுக்குத் தருகிற சத்து அது. மழை மேல்மண்ணை அரித்துக் கீழே சேர்ப்பதால் உச்சியில் குறைவு, அடிவாரத்தில் அதிகம் என்பது பொதுவான கணக்கு. சிறந்த ப்ராஜெக்டுக்குப் பெங்களூரில் இரண்டு மாத ஆய்வகப் பயிற்சி. நூர்ஜஹான் அவள் அத்தாவிடம் அனுமதியே வாங்கிவிட்டாள்.

பல்லாவரம் பக்கம் ஒரு குன்றைப் பிடித்தோம். மழைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் மண் எடுக்க வேண்டுமே என்று உச்சி, நடு, அடிவாரம் மூன்றிலும் குச்சி நட்டேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மஞ்சள் துணியும் கட்டினேன். (அந்த யோசனையில் எனக்கு அப்படியொரு பெருமை.)

மூன்று மாதம் கழித்து, மழை விட்ட ஒரு காலையில் திரும்பப் போனோம். உச்சிக் குச்சியின் மஞ்சள் துணி செக்கச்செவேலென்று இருந்தது. ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் மண் அள்ளுவதில் மும்முரமாக இருந்தேன்.

சோதனையில் உச்சி மண் அடிவாரத்தையே தோற்கடித்தது.

"இன்னொரு வாட்டி எடுத்துப் பாக்கலாம்டி" என்றாள் நூர்ஜஹான்.

"இது கண்டுபிடிப்புடி. பயப்படாதே."

உச்சிப் புல்லின் வேர்களுக்கு இல்லாத திறமையெல்லாம் கற்பித்துப் பதினோரு பக்கம் எழுதினேன். எங்கள் கைடு சார் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த இடத்தை நான் பாக்கணுமே."

வகுப்பே கிளம்பியது. அழைத்ததும் நான்தான்.

உச்சியில் ஒரு பெண்மணி என் குச்சிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். குச்சி முழுக்கக் குங்குமம். அடியில் தயிர்சாதம், நசுங்கிய வாழைப்பழம், அகலிலிருந்து வழிந்து மண்ணில் ஊறிய எண்ணெய். பாலும் சோறும் எண்ணெயும் மண்ணில் ஊறி மக்கினால் ஏறுவதும் அதே கார்பன்தான்.

"இன்னாம்மா, செருப்போட வந்துகினு? கழட்டு!"

முதலில் கழற்றியது சார்தான். "எப்பலேர்ந்தும்மா இது?"

"ஆடி மாசம் ஆத்தா தானா வந்து நின்னா சார். யாரும் நடல. எம்பொண்ணு டைபாய்டுல கெடந்தா. இங்க வேண்டிக்கினேன், இப்ப எய்ந்து நடக்குறா."

வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. நட்டது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா என் கையில் அரை வாழைப்பழத்தை வைத்தார். வாயில் போட்டுக்கொண்டேன், வேறு வழி தெரியவில்லை.

நூர்ஜஹான் என் காதருகே வந்தாள். "கோயில் கட்டினதுல நானும் பார்ட்னர்னு அத்தாகிட்ட சொல்லிடாதடி."

இறங்கும்போது சார் கோபப்படவே இல்லை. "உச்சியை விட்டுட்டு மிச்சத்தை எழுதும்மா" என்றார். மூன்று புள்ளியில் ஒன்று போனால் அது சரிவாக இருக்காது, வெறும் கோடு. பெங்களூர்ப் பயிற்சி கீழ்க்கட்டளை ஏரித் தண்ணீரை அளந்த இருவருக்குப் போனது. இறங்கும்வரை சிரித்துக்கொண்டு வந்த நூர்ஜஹான், முடிவு வந்தபின் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். இன்னொரு முறை மண் எடுக்கச் சொன்னவள் அவள்.

இப்போதும் மண்தான் என் வேலை. எங்கே போனாலும் தோண்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று விசாரித்துவிடுகிறேன். சுத்தமான மண் என்று நான் குறித்து வைத்த இடங்களில் எல்லாம் யாரோ எதையோ வேண்டியிருக்கிறார்கள், கொட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் எங்கள் வீட்டில் யாரும் "ஐயோ" என்பதில்லை. அம்மா உள்ளேயிருந்து நிதானமாகக் குரல் கொடுப்பாள்: "கார்பன் ஏறிடுச்சு பாரு!"