புழுவுக்குக் கிடைத்த பூர்வீகம்

ஒரு நண்டைப் பதினொரு நாளிலேயே அடையாளங்கண்டு, விசாரித்து, தக்க இடத்தில் குடியமர்த்திய அலுவலகம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான். முல்லைத்தீவில் காணி உறுதிப்படுத்தும் அலுவலகம் ஒன்றின் எழுதுவினைஞன் என்ற முறையில் இதை மிகுந்த பணிவோடு பறைசாற்றுகிறேன்.

பொதுமக்கள் காத்திருக்கும் மண்டபத்தில் கடல்மீன் தொட்டி ஒன்று வைத்தோம். வருடக்கணக்காகக் கதிரையில் இருப்பவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டாமா? கொழும்பிலிருந்து தொட்டி வந்தது. இரண்டு செம்மஞ்சள் மீன்களும் ஒரு பவளக்கல்லும் வந்தன. கல்லின் பொந்துகளுக்குள் ஒளிந்து, பற்றுச்சீட்டில் இல்லாத சிலரும் வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு மீனின் வாலைக் காணவில்லை.

பணிப்பாளர் தில்லைநாதன் உடனே "அனுமதியற்ற உள்நுழைவோர் விசாரணைக் குழு"வை அமைத்தார். நான் செயலாளர். நான்கு முறை கூடி, கல்லுக்குள் இருப்பவை ஒரு நண்டும், உடம்பெல்லாம் முள்மயிர் கொண்ட ஒரு புழுவும் என்று கண்டோம். யார் குற்றவாளி என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. புழுவைப் பார்க்கச் சகிக்காததால் அதையே வெளியேற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அப்போதுதான் கதிரையில் இருந்த றாபியா அக்கா வாயைத் திறந்தார். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது இடம்பெயர்ந்து, இருபது வருடம் புத்தளத்தில் இருந்து, ஊர் திரும்பியவர். காணி உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துபோனது. தொண்ணூறுக்கு முதல் இங்கே குடியிருந்தவர் என்று நாங்கள் ஒரு கடிதம் கொடுத்தால்தான் தன் வளவில் வீடு கட்டலாம். அதற்காக ஆறு வருடமாக வந்துபோகிறார்.

"சேர், அந்தப் புழு பாவம். மிச்சம் மீதியைத் திண்டு கல்லைத் துப்பரவாக்கும். வெறுங்கையால தொட்டால்தான் முள்ளுக் குத்தும். வாலைக் கடிச்சது நண்டு. ஒரு கிளாசுக்குள்ள றால் துண்டு போட்டுச் சரிச்சு வையுங்கோ. உள்ள இறங்கினால் வழுக்கும், திரும்ப ஏறேலாது."

மறுநாள் காலை நண்டு கிளாசுக்குள் இருந்தது. அதற்குத் தனித்தொட்டி ஒதுக்கி ஆணை பிறந்தது. மீதமிருந்தது புழுவின் வதிவிடப் பிரச்சினை. அது எவ்வளவு காலமாக இந்தப் பக்கம் இருக்கிறது என்று பணிப்பாளர் கேட்டார்.

"எங்கட வாப்பா இந்தக் கரையில வலை இழுக்கேக்க, சிக்கிற கல்லெல்லாத்திலயும் இது இருக்கும், சேர். நான் சின்னப்பிள்ளையாப் பாத்திருக்கிறன்."

"நேரில் கண்ட சாட்சி" என்று பணிப்பாளர் மகிழ்ந்து போனார். புழு "பூர்வீகக் குடி" என்று எழுதி முத்திரை குத்தினேன்.

"அப்ப என்ர கடிதம், சேர்?"

பணிப்பாளர் அவருடைய விண்ணப்பக் கோவையைப் புரட்டினார். முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

"நீங்கள் இஞ்ச இருந்தனீங்கள் எண்டதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

"நான்தான் சொல்லுறனே."

"வாய்ச்சொல்லை நாங்கள் ஏற்கேலாதம்மா. எழுத்தில வேணும்."

"ஆதாரம் போதாது" என்று எழுதியதும் நான்தான், அதே பேனாவால். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எங்கள் அலுவலகம் பொதுமக்களை ஒருபோதும் கைவிடாது. றாபியா அக்கா திரும்பவும் கதிரையில் போய் இருந்ததும், தொட்டியின் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டேன். அவருடைய வாய்ச்சொல்லால் பூர்வீகம் பெற்ற புழுவை அவரே வடிவாகப் பார்க்கட்டும்.