அக்காவுக்குக் காற்று ஆகாது

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம். கார் ஓட்டத் தெரிந்ததால் கார் வாங்கவும் தெரியும் என்று நம்பியவன் நான். (சோறு துன்னத் தெரிந்தவனெல்லாம் சமையல்காரன் என்பது மாதிரி.)

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். சரோஜா அக்காவும் அங்கேயேதான் பழம் தரம் பிரிக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசராக இருந்தாள். மாமா போனபிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். நான் வாயாடி, அக்கா நேர் எதிர். நான் அரை மணி நேரம் கட்டிய கோட்டையை ஒரே வார்த்தையில் சரித்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விடுவாள்.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். மருந்தைக்கூட அவள் தாங்கினாள், பயணத்தைத் தாங்கவில்லை. பஸ்ஸில் டீசல் வாசனை. பாகாலா தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுப்பாள். டாக்ஸி வைத்துப் பார்த்தோம். அந்த டிரைவர் கியர் போடும்போதெல்லாம் கிணற்றில் வாளி இறைப்பதுபோல உடம்பே ஆடியது. போதாததற்கு வண்டிக்குள் மல்லிகைப்பூ சென்ட் வேறு.

இரண்டாம் தடவை போய்த் திரும்பியதும் அக்கா ஆஸ்பத்திரி ஃபைலை பீரோவுக்கு மேலே போட்டாள்.

"அடுத்த வாட்டி நீ மட்டும் போய்க்கினு வா. எனக்கு பதிலா நீ ஊசி போட்டுக்கோ."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் இருவருக்கும் தெளிவாகச் சொல்லியிருந்தார். அன்று ராத்திரி தூங்காமல் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கார் வாங்கும் ஞானம் பிறந்தது. வாசனை கூடாது, குலுங்கக் கூடாது, உறுமக் கூடாது. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஹைபிரிட் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். எஞ்சினும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும். கியர் மாற்றும் வேலையே இல்லை. மெதுவாகப் போகும்போது எஞ்சின் தூங்கிவிடும். அக்காவுக்காகவே யாரோ உட்கார்ந்து செய்தது மாதிரி இருந்தது. ஷோரூமில் புது வண்டி விலையைக் கேட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். என் பி.எஃப். கடனுக்கு எட்டியது சின்னக் கார், அதுவும் பழசு.

திருப்பதியில் பழைய கார் விற்கும் ரமணய்யாவிடம் அப்படி ஒன்று இருந்தது. ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில், பின்பக்கம் நறுக்கிவிட்டதுபோலக் குட்டையாக. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்ததாம்.

"சார், இந்த மாதிரி குட்டி ஹைபிரிட்டு மன ஜில்லாலோனே லேது. சித்தூர்ல இன்னொண்ணு காட்டுங்க, இத சும்மாவே குடுத்துடறேன்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. (ஜில்லாவில் ஒன்றுதான் என்றால் அதை ரிப்பேர் பார்க்கிறவன் ஒருத்தனும் இல்லை என்று அர்த்தம். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு எப்போதும் எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் தோன்றும்.)

பட்டனை அமுக்கி, லீவரை 'டி'க்கு இழுத்தேன். காத்திருந்தேன்.

"ஸ்டார்ட் ஆகலியே?"

"ஆயிப்போச்சு சார்."

"சத்தமே காணோம்?"

"அதுக்குத்தான சார் துட்டு குடுக்கறீங்க."

ஏமாற்றுகிறான் என்று நினைத்து, எஞ்சினை எழுப்பிப் பார்க்க ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன். வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் பாய்ந்து எதிர் டீக்கடை பெஞ்சில் முட்டி நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கிளாஸோடு எழுந்து, மரியாதையாக இன்னொரு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். வாங்காத காருக்கு அந்த பெஞ்சு காலைச் சரிசெய்து கொடுத்தேன். அப்புறம் வாங்காமல் எப்படி வருவது?

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. அடுத்து சீட் கவர். எங்கள் ஊரில் கார் வாங்கினால் பெயர் வைக்காமல்கூட இருப்பார்கள், சீட் கவர் போடாமல் இருக்க மாட்டார்கள். அக்கா சாய்ந்து படுக்கப் பின்சீட்டை மெத்தையாகவே மாற்றச் சொன்னேன். கடைக்காரர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல்போலத் துளைத்துளையாக இருந்ததைக் காட்டினார்.

"இத வுட்டுட்டு தைக்கட்டா சார்? உள்ள ஃபேன் மாதிரி எதோ சுத்துது."

"மூடுங்க. அக்காவுக்குக் காத்து ஆகாது," என்றேன். தடிமனான ஃபோமை இரண்டு மடிப்பாக மடித்து அடைக்கவைத்தேன். அந்த வேலைக்குத் தனியாக ஐம்பது ரூபாய் டிப்ஸ் வேறு.

மூன்றாம் தடவை போகும் நாள். ஃபைலை நானே இறக்கி எடுத்துக்கொண்டேன். அக்கா வண்டிக்குள் மோந்து பார்த்துவிட்டு ஏறினாள். மடியில் பாலிதீன் கவர் தயாராக இருந்தது. புத்தலப்பட்டு தாண்டினோம், பாகாலா தாண்டினோம். கவர் மடித்தபடியே இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. சந்திரகிரி வரைக்கும் ஹார்ன்கூட அடிக்காமல் ஓட்டினேன். உலகத்திலேயே பெரிய புத்திசாலி நான்தான் என்று இருந்தது.

புத்திசாலித்தனம் மத்தியானம் வரைக்கும் தாங்கியது.

மே மாத வெயிலில் வண்டி வெந்துகொண்டிருந்தது. மருந்து ஏற்றி முடித்து, அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஏசியை முழுசாக வைத்துக் கிளம்பினேன். பாகாலாவுக்குக் கொஞ்சம் முன்னால் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு முக்கோணம் எரிந்தது. வண்டி இழுப்பதை நிறுத்தியது. வந்தபோது எப்படிச் சத்தமில்லாமல் ஓடியதோ அப்படியே சத்தமில்லாமல் செத்தது. நான் ஓரம் கட்டியது அக்காவுக்குத் தெரியக்கூட இல்லை.

"ஊடு வந்துட்டுதா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

மெக்கானிக்குகளுக்கு ஃபோன் போட்டேன். வண்டியின் பெயரைக் கேட்டதும் ஒவ்வொருவரும் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார்கள். உள்ளே அனல். அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மாங்காய் ஏற்றிவந்த ஒரு டெம்போ நின்றது. டிரைவர் நகரிப் பக்கத்து ஆள்.

"கயிறு கட்டி இஸ்துக்கினு போறேன் சார். ஆனா அம்மாவ அந்த வண்டியில வெக்காத. கயிறு அறுந்தா வம்பு. முன்னாடி என்கூட ஏத்து."

ஏற்றினேன். மிச்சத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முன்னால் டீசல் புகை கக்கிக்கொண்டு டெம்போ. அதன் ஜன்னலோரம் என் அக்கா. பின்னால் கயிற்றில், அவளுக்காக வாங்கிய காரில், அவளுக்காகத் தைத்த மெத்தையோடு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான். சித்தூர் வருகிறவரைக்கும் அவள் தலை வெளியே வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் வாந்தி காற்றில் பறந்து என் முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. நான் வைப்பரைப் போட்டேன். அழுகையில் கண்ணும் மறைக்க, அதற்கு வைப்பர் இல்லையே என்று ஒரு நகைச்சுவை தோன்றியது பாருங்கள், அதற்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

வீட்டு வாசலில் டிரைவர் காசு வாங்கமாட்டேன் என்றார். அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் காலை பட்டனை அமுக்கினேன். வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. வந்த கோபத்தில் ரமணய்யாவைக் கூப்பிட்டு, தெரிந்த தெலுங்கில் எல்லாம் திட்டினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், பின்சீட்டு பக்கம் பொத்தப்பொத்தலா ஜன்னல் மாதிரி இருக்குமே. அத எதனா மூடினீங்களா?"

பேட்டரி சூடாகாமல் இருக்கக் காற்று இழுக்கும் வழி அது. உள்ளேயிருந்து காற்றை வாங்குமே தவிர, யார் மேலும் வீசாது. காற்று ஆகாதென்று நான் அடைத்தது பேட்டரியின் மூக்கை.

கத்தரிக்கோலும் ஃபோம் துண்டும் கையுமாக அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல். முந்தின நாளே மறுபடி பீரோவுக்கு மேலே ஏறியிருந்த ஃபைல் கீழே இறங்கியது. அதற்கப்புறம் மழைக்காலம் வரைக்கும் அந்தக் காரில்தான் போய்வந்தாள். பாலிதீன் கவர் மடித்தபடியே இருந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது ரொம்பத் தாங்கினால், "ஃபோம் வெச்சி அடைக்காத" என்பார்கள். அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தியில் யாரோ எனக்கு வற்புறுத்தி வற்புறுத்திச் சோறு வைத்தபோது என் பெண்டாட்டியே சொன்னாள். இலை முன்னால் உட்கார்ந்து எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கடைசியாகத் திருப்பதி போன நாளில் டாக்டர் ஃபைலை மூடி என் கையில் கொடுத்து, இனிமேல் அவர்களை அலைக்கழிக்க வேண்டாம் என்றார். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திரும்பும்போது தூறல். வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய அமைதி அன்றைக்குக் காதை அடைத்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா, இனிமே திருப்பதி பாடு இல்ல. இந்த மிட்டாய் கார வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ரமணய்யாகிட்டயே வித்துடலாமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. கண்ணாடியில் அவளைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. பின்னாலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"நான் இன்னும் எறங்கலடா."